பேழைக்கு வெளியே நின்றவள்

புதிதாக உபதேசியார் வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். அன்றைக்குப் பாடம் எடுத்தவர் நன்றாகப் படித்தவர். நோவாவின் பேழை என்பது ஓர் உருவகம், வெள்ளம் என்பது உலகம் குலைந்து போவதன் அடையாளம், எத்தனையோ நாடுகளில் இதே மாதிரிக் கதை இருக்கிறது, கவிஞர்களும் கதை எழுதுகிறவர்களும் ஆளுக்கொரு விதமாக இதை எடுத்து ஆண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பாதி புரிந்தது. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது உங்களில் ஒரு தங்கை என்னிடம் வந்து, "ஐயா, நீங்க இத்தினி வருசமா இந்தக் கதைய சொல்லிக்கினு இருந்தீங்களே, இது நெஜமா நடந்ததா, கதையா?" என்று கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கணியம்பாடி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதில் என்று எதுவும் என் கையில் இல்லை. அந்தக் கதையை ஓர் ஊரில் நான் சொன்னதும், அதனால் ஆனதும் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பயந்த சுபாவம். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தால் இரண்டு முறை எழுந்து தொட்டுப் பார்ப்பேன். சித்திரை வெயிலிலும் குடை இல்லாமல் கிளம்பமாட்டேன். பஸ் மலைச்சரிவில் திரும்பும்போது டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனுக்கு எது ஆபத்து என்பது மற்றவர்களைவிட முன்னால் தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும் தைரியம்தான் இருக்காது. பயப்படுகிறவனுக்குச் சிரிப்புக்கும் பயம்.

எழுபதுகளின் கடைசியில் என்னை அமிர்தியில் குடிவைத்து, மேலே ஜவ்வாது மலையில் ஆறு ஊர்களைக் கொடுத்தார்கள். உபதேசியார் வேலை உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் கொடுக்க நமக்கு அதிகாரம் கிடையாது. ஊர் ஊராக நடப்பது, கதை சொல்வது, சீக்காளிக்காக ஜெபிப்பது, மாதம் ஒருமுறை கீழே இறங்கி ஐயரிடம் சொல்வது. போதகரை நம் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். எங்கள் ஐயர் கண்டிப்பானவர், உழைப்பாளி. அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு துணிப்பை, ஒரு வேதபுத்தகம், ஒரு படச்சுருள் கொடுத்தார்கள். பாய் அகலத்துக்குக் கெட்டித் துணியில் ஒட்டிய பெரிய படங்கள், பன்னிரண்டு. மரக்கிளையில் மாட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினால் கதை சொல்லிவிடலாம். மலையில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. படம்தான் பேசும்.

அதில் ஐந்தாவது படம் பேழை. மேலே கறுத்த வானம், நடுவில் பெரிய மரக்கப்பல், கூரையில் ஒரு சின்ன ஜன்னல். ஆனால் அந்தப் படம் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது. அடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பின்னால் மடித்து, கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். நெருக்கமான, பொறுமையான தையல். எனக்கு முன்னால் இந்தச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறியவர் யாரோ தைத்திருக்கிறார். அவர் பேர் எனக்குத் தெரியாது. நான் வருவதற்கு முன்னமே செத்துப்போய்விட்டார் என்றார்கள்.

அந்தத் தையல் என்னை ஆறு மாதம் தூங்கவிடவில்லை. ஐயர் பார்த்தால் படத்தை நான்தான் மறைத்தேன் என்று நினைப்பாரோ? படத்தில் பாதியை மறைத்துக் கதை சொன்னால் அது பொய்யாகுமா? கடைசியில் நானே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். ஐயர் மடிப்பை விரலால் தூக்கி உள்ளே பார்த்தார்.

"இத்த எதுக்குத் தெச்சான் அந்த மனுசன்? தையலப் பிரி. முழுசா காட்டினாத்தான் பயம் வரும். பயம் வந்தாத்தான் மனசு திரும்பும்."

பிளேடு வைத்துப் பிரித்தேன். மடிப்புக்குள் கொந்தளிக்கிற தண்ணீர் இருந்தது. தண்ணீருக்கு நடுவில் ஒரு பாறை. பாறையில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் ஒரு குழந்தையைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்திருந்தாள். முகம் கப்பலைப் பார்த்திருந்தது. வாய் திறந்திருந்தது.

மறுபடி தைத்துவிடலாமா என்று அப்போதே தோன்றியது. ஐயர் எதிரே உட்கார்ந்திருந்தார். சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மேல்கானாறு என்று ஓர் ஊர், நாற்பது வீடு இருக்கும். பக்கத்தில் ஓடும் காட்டாற்றைக் கானாறு என்பார்கள். அதனால் ஊருக்கும் அந்தப் பேர். வருசத்தில் பத்து மாதம் அதில் ஆடு நனையாது. ஆற்றை ஒட்டி அகலமான ஒரு பாறை இருந்தது. சாமை அறுத்தால் அந்தப் பாறையில் போட்டுத்தான் அடிப்பார்கள். மண் ஒட்டாமல் தானியம் சுத்தமாக வரும். அறுப்புக் காலத்தில் காட்டுப்பன்றிக்குக் காவலாகப் பாறைக்குக் கீழேயே ஒரு குடிசை போட்டு, குடும்பத்தோடு அங்கே தங்கிவிடுவார்கள். அந்த வருசம் அண்ணாமலையின் முறை. அவன் பெண்சாதி குப்பாயி. நான்கு வயதில் ஒரே பெண் குழந்தை, வெள்ளச்சி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், சாமைக் கதிரைப் பரப்பிவிட்டு எல்லோரும் புளியமரத்தடியில் கூழ் குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நேரம் என்று படச்சுருளை மாட்டினேன். வெள்ளச்சி ஓடிவந்து என் குடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "நான் கப்பல், நான் கப்பல்" என்று சுற்றினாள். கப்பல் படத்தை அதற்கு முந்தின மாதமே அவளுக்கு மட்டும் ஒருதரம் காட்டியிருந்தேன், அப்போது தையல் இருந்தது.

நோவா கப்பல் கட்டியதைச் சொன்னேன். ஊர் சிரித்ததைச் சொன்னேன். ஜோடி ஜோடியாக மிருகங்கள் ஏறியதைச் சொன்னேன்.

"ஆனை, கரடி, மாடு எல்லாம் ஒரே கப்பல்லயா?" என்றான் அண்ணாமலை. "அப்ப சாணிய எவன் வாத்தியாரே அள்ளினது?"

மலையில் புத்தகமும் பையுமாக வருகிறவன் யாராக இருந்தாலும் வாத்தியார்தான்.

"பையனுங்க மூணு பேரு இருந்தாங்க," என்றேன்.

"மருமவளுங்க இருந்தாங்கன்னு சொல்லுங்க," என்று ஒரு கிழவி சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள்.

"மொத்தம் எத்தினி பேரு பொழச்சாங்க?"

"எட்டுப் பேரு."

"எட்டா! எங்க வூட்லயே பதினோரு பேரு. மூணு பேர எறக்கி வுடணுமே, யார வுடறது?" அண்ணாமலை தன் மாமியாரைப் பார்த்தான். மறுபடி சிரிப்பு.

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்க தாத்தன்கூட இந்த மாரி ஒண்ணு சொல்வாரு," என்றார். "ஒலகமெல்லாம் தண்ணி. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு, காஞ்ச சொரக்குடுக்கைக்குள்ள பூந்துக்கினு மெதந்தாங்களாம். தண்ணி வடிஞ்சப்போ மலை உச்சியில தட்டுச்சாம். நம்ம மலைதான்னு சொல்வாரு."

"அதுல ஜனங்க இன்னா பாவம் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"பாவமா? பாவம் இன்னாத்துக்கு? மழ பேஞ்சுது. தண்ணி வந்துச்சு. அவ்ளோதான்."

நம் கதை அவர் கதையைவிட உசத்தி என்று அன்றைக்கு எனக்கு ஓர் எண்ணம். படத்தை முழுசாக விரித்து, கதவு அடைபட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. படம் நன்றாகத்தான் வேலை செய்தது. குப்பாயி குழந்தையை இடுப்பில் இழுத்து வைத்துக்கொண்டு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"வாத்தியாரே, இந்தப் பொம்பள இன்னா தப்பு பண்ணா?"

இப்போது கேட்டால் பத்து பதில் தோன்றும். அன்றைக்கு எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தடுமாறினால் கதை விழுந்துவிடும் என்று பயம். சட்டென்று சொன்னேன்:

"கூப்ட்டாங்க. வரல. அதாம்மா தப்பு."

"அந்தப் புள்ள?"

"அவ இடுப்புல இருந்துச்சு."

குப்பாயி படத்திலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழம நானும் கீழ உங்க கோயிலுக்கு வர்றேன், சாமைய அடிச்சு முடிச்சுட்டு," என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. "கண்டிப்பா வாம்மா," என்றேன். மறக்காமல் நோட்டில் அவள் பேரை எழுதிக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

திரும்பும்போது ஆற்றோரமாக, அவர்கள் குடிசையைத் தாண்டித்தான் இறங்கினேன். குடிசைக்குப் பக்கத்தில் ஒரு நாவல் மரம். அதன் கிளையில், என் நெஞ்சு உயரத்துக்கு, காய்ந்த சருகும் சுள்ளியும் கோரையும் கற்றையாகச் சுற்றிக்கொண்டு தொங்கின. காற்று கொண்டுவந்த சருகு அப்படித் தொங்காது. எல்லாம் ஒரே பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி இருந்தது. என்றைக்கோ ஒரு வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியின் கண்ணுக்குத்தான் இப்படிப்பட்டது படும். ஆற்றுப் பக்கம் இன்னும் பள்ளத்தில் இருந்த குடிசையின் கூரை அந்தச் சருகுக்குக் கீழே இருந்தது.

நின்றேன். திரும்பிப் போய், "அண்ணாமலை, குடிசைய மேல மாத்திப் போடுப்பா" என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாலு எட்டு நடக்கவும் செய்தேன். மேலே அவன் குரல் கேட்டது. என் குடையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் வெள்ளக் கதை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதோடு போய்த் தண்ணி வரும் என்றால், "தோ, நோவா வந்துட்டாரு, கப்பல் எங்க?" என்பார்கள். கதையைக் கேலி செய்வார்கள். கதைக்காகத்தான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத அடைமழை. அமிர்தியில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மேல்கானாற்றிலிருந்து யாரும் வரவில்லை. இந்த மழையில் எப்படி வருவார்கள் என்று ஐயரிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சந்தைக்கு இறங்கிய ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிறு காலை, வெளிச்சம் வந்த பிறகுதான் தண்ணீர் வந்திருக்கிறது. அண்ணாமலை நெருப்பும் உப்பும் எடுத்துவர ஊருக்குள் போயிருந்தான். குப்பாயி சத்தம் கேட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாமை அடிக்கிற பாறைமேல் ஏறியிருக்கிறாள். தண்ணீரும் ஏறியிருக்கிறது. இடுப்பு வரைக்கும் வந்தபோது குழந்தையைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். மேட்டிலிருந்து கயிறு வீசினார்கள், எட்டவில்லை. அடித்துக்கொண்டு வந்த ஒரு கட்டை அவள் தோளில் மோதியது. அவளை நாவல் மரம் பிடித்துக்கொண்டது. வெள்ளச்சியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

நான் ஐயரிடம் ஓடினேன். அவர் எழுந்து நின்று ஜெபித்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னார்: "நீ போ. அந்தப் படத்தையும் எடுத்துக்கினு போ. மனசு கல்லா இருந்தவங்களுக்கு இப்பத்தான் கதவு தொறக்கும். அந்தத் தாய் வரேன்னு பேர் குடுத்தவதானே? அவகிட்டப் பேசு. அவ சரின்னா வர்ற வாரம் நானே மேல வர்றேன்."

ஊழியத்தில் அவர் பார்த்தது அப்படி. துக்கத்தில் மனசு திரும்பிய பலரை அவர் கண்டிருந்தார். நான் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். அன்றைக்கு அது பிணத்தைச் சுமக்கிற மாதிரி இருந்தது.

குப்பாயி பாறையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வடிந்து, பாறை எப்போதும் போலக் கழுவிவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது. அண்ணாமலை எட்டத்தில் குந்தியிருந்தான். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

"மூணு நாளா பச்சத்தண்ணிகூட எறங்கல வாத்தியாரே. தண்ணியப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. உங்களத்தான் கேட்டுக்கினே இருக்கா. ஏதோ தப்பு, தப்புங்கறா. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு விளங்கியது.

அவளே என்னைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. பெரிய தப்பைச் செய்துவிட்டு வாத்தியாரிடம் வந்து நிற்கிற பிள்ளை மாதிரி எழுந்து நின்றாள்.

"நீங்க கூப்ட்டீங்க. நான் சாமைய முடிச்சுட்டு வர்றேன்னேன். அன்னிக்கே வந்திருந்தா எம் புள்ள இருந்திருக்கும். இல்ல வாத்தியாரே? நீங்க சொன்ன மாரியேதான் ஆச்சு. நான்தான் அந்தப் பொம்பள."

தம்பிகளே, தங்கைகளே, இதுதான் அந்த நேரம். நான் "ஆமாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே என் பின்னால் இறங்கி வந்திருப்பாள். ஐயர் சந்தோஷப்பட்டிருப்பார். ஊரே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவள் மட்டும் சாகிறவரைக்கும் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு நம் கோயில் பாயில் உட்கார்ந்திருப்பாள்.

முதலில் நாவல் மரத்தைத்தான் பார்த்தேன். பழைய சருகு போய், அதைவிட உயரத்தில் புதுச் சருகு தொங்கியது.

"இல்லம்மா," என்றேன். "நான் கூப்ட்டது கோயிலுக்கு. தண்ணி வருதுன்னு உன்ன யாரும் கூப்புடல. நான் அன்னிக்கு எறங்கும்போது அந்த மரத்துல சருகப் பாத்தேன். தண்ணி அவ்ளோ ஒசரம் வரும்னு தெரிஞ்சுது. திரும்பி வந்து சொல்லலாம்னு நாலு அடி வெச்சேன். நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துக்கினு போய்ட்டேன். தப்பு உன்னுது இல்ல. தெரிஞ்சவன் சொல்லல."

அண்ணாமலை எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன், வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தேன். அவன் என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். ஆற்றோரமாக நடந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியதே இல்லை. குடிசை போட்ட கை அவனுடையது. தப்பு உன்னுது இல்ல என்று அவனிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

குப்பாயி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லியிருந்தாலும் சிரிச்சுத்தான் இருப்போம்," என்றாள்.

அது மன்னிப்பா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நானும் பாறையில் உட்கார்ந்தேன். பிறகு அவள் கேட்டாள்.

"அந்தப் பொம்பளயும் தப்பு பண்ணலியா?"

"தெரியலம்மா. அன்னிக்கு நான் தெரிஞ்ச மாரி சொல்ட்டேன். வேதத்துல அவளப் பத்தி ஒண்ணுமே இல்ல. படம் போட்டவன் போட்டிருக்கான்."

"கப்பலுக்குள்ள இருந்தவங்களுக்கு அவ கத்தினது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

"அந்தக் கெழவன் இன்னா பண்ணான்?"

நான் எத்தனையோ முறை படித்த பக்கம். மனசுக்குள் ஒவ்வொரு வரியாகத் தேடினேன். கட்டச் சொன்னால் கட்டுகிறார். ஏறச் சொன்னால் ஏறுகிறார். தண்ணீர் வருகிற நாள் முழுக்க அந்த மனுசன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக எழுதியிருக்கவில்லை. அதுவரைக்கும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"ஒண்ணும் எழுதலம்மா. பேசினதாவே இல்ல."

"அப்ப அழுதிருப்பான்," என்றாள் குப்பாயி. "அத்த எழுதாம வுட்டுட்டாங்க."

உங்கள் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதினார்களே, அன்றைக்கு நான் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். அதற்கு மேலே அந்தக் கதையைப் பற்றி நான் எங்கேயும் படித்ததில்லை, கேட்டதில்லை.

கிளம்ப எழுந்தபோது அவள் என் தோளைப் பார்த்தாள்.

"அந்தப் படத்த எடுங்க."

"வேணாம்மா."

"எடுங்க வாத்தியாரே."

விரித்தேன். அவள் மேலே கப்பலைப் பார்க்கவேயில்லை. பாறையில் நின்றவளை மட்டும் பார்த்தாள். விரலால் அந்தக் குழந்தையைத் தொட்டாள்.

"எங்களுக்குப் பொதைக்கக்கூட ஒண்ணும் கெடைக்கல. போட்டிருந்த ஒரு சட்டையும் அதோடயே போய்டுச்சு. இத்தக் குடுங்க. இவ எத்தினி நாளா தண்ணியிலயே நின்னுக்கினு இருக்கா, கை வலிக்காதா? ரெண்டு பேரையும் மண்ணுல வெச்சுடறேன்."

அது சபையின் சொத்து. ஐயர் கேட்பார். எல்லாக் கணக்கும் என் மனசில் ஓடியது, நான் அப்படிப்பட்டவன்தான். ஊர்க்கவுண்டர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார், அவர் வெட்டவில்லை. நானே வெட்டினேன். வெட்டும்போது பார்த்தேன், கத்தி போன கோடு, பழைய தையலின் ஊசித்துளைகள் இருந்த அதே கோடு. பேர் தெரியாத அந்த மனுசனும் இப்படி ஒருத்தி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தைத்திருப்பார் என்று அப்போது தோன்றியது. அவர் கையெழுத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வேலையில் எனக்குப் பாடம் சொன்னவர் அவர்தான். நான் அவர் பாடத்தைப் பிளேடு வைத்துப் பிரித்துவிட்டேன்.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம், மேட்டில், ஒரு முழம் தோண்டினார்கள். குப்பாயி அந்தத் துண்டைக் குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரிச் சுற்றி உள்ளே வைத்தாள். மண் தள்ளினார்கள். ஆளுக்கொரு கல் வைத்தார்கள். நானும் ஒன்று வைத்தேன். ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "மனசுக்குள்ள பண்ணுங்க," என்றார் கவுண்டர். அன்றைக்கு மருமகள்களைச் சொல்லிச் சிரிக்கவைத்த கிழவி ஒரு குவளையில் கூழ் கரைத்துக்கொண்டு வந்து குப்பாயி கையில் கொடுத்தாள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் குடித்தாள்.

கீழே வந்து ஐயரிடம் ஒரு பொய் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன். "மழையில நனஞ்சு படம் கிழிஞ்சு போச்சுங்க ஐயரே." அவர் படத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"மழ இவ்ளோ நேரா கிழிக்குமா?"

நான் தலை குனிந்து நின்றேன். அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று கேட்டார். "கோயிலுக்கு வரமாட்டாங்க. நானும் கூப்புடல," என்றேன். அவர் படத்தைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார். இரண்டு மாதத்தில் என்னை மலையிலிருந்து இறக்கிச் சமவெளியில் போட்டார்கள். அது தண்டனையா, என்மேல் இரக்கமா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை மேல்கானாற்றுக்குப் போனேன். காவல் குடிசையை மேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கற்கள் அப்படியே இருந்தன. அண்ணாமலையும் குப்பாயியும் ஆலங்காயம் பக்கம் கூலிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

டீ டம்ளரோடு என்னைக் கேட்ட தங்கச்சி, நடந்ததா கதையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நம் கதையில் பாவம் இருக்கிறது, கவுண்டர் கதையில் மழை மட்டும் இருக்கிறது. இரண்டையும் இத்தனை வருசமாக மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். மழை பெய்கிற நாளில் எனக்குக் கவுண்டர் கதைதான் பிடிக்கிறது.

அந்தப் படச்சுருள் இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிறது. ஐந்தாவது படம் ஒரு சாண் குட்டையாக இருக்கும். பழுது என்று ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்காதீர்கள். நீங்கள் அதை மாட்டிக் கதை சொல்லும்போது, கூட்டத்தில் யாராவது ஒருத்தி, கீழே என்ன இருந்தது என்று கேட்பாள். உடனே வாயைத் திறக்காதீர்கள். அவள் வீடு எங்கே இருக்கிறது, பக்கத்தில் ஆறு எவ்வளவு உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.